பூலோக சொர்க்கமா பாலினேசியா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

எங்கள் வீட்டுக் கூடத்தில் நகைக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் கண்ணைப் பறிக்கும் ஒரு வண்ணப்படம். பளிங்கு போன்ற நீலக்கடல், பால்போன்ற வெண்மணல், சாய்ந்து நின்று கடலோடு கதை பேசும் தென்னை மரங்கள், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடிசைகள், பின்னணியில் பச்சைப் பட்டுடுத்திய மலை. படத்தின் கீழே 'டாஹிட்டி - பூலோக சொர்க்கம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் நாள்தோறும் பார்த்து மயங்குவதுண்டு. ஒருநாள் என் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, படத்துல ஒரு மனுசனக்கூடக் காணோமே! ஆளே இல்லாத ஊருக்குக் குடிசை எதுக்கு?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. பள்ளி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, பாட்டி கேட்டது சிரிக்கவேண்டிய கேள்வி அன்று, சிந்திக்கவேண்டிய கேள்வி என்பது விளங்கியது.

பாலினேசியத் தீவுகளைச் 'சொர்க்கம்' என்று அழைப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் என்று கேட்கிறீர்களா, அன்புத் தோழியரே? என்னோடு சற்றே அந்தத் தீவுகளுக்கு வாருங்கள்.

முக்கோணக் கடல்நாடு

'பாலினேசியா' என்றால் கிரேக்க மொழியில் 'பல தீவுகள்' என்று பொருள். 1756-ஆம் ஆண்டில் சார்ல் தெ புரோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இச்சொல்லை முதன்முதலில் வழங்கினார். உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஹவாய்த் தீவுகள், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் கோடுகளால் இணையுங்கள். அந்தப் பெரிய முக்கோணமே பாலினேசியா. அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள நம் நாட்டின் நீளத்தைப் போல் இருமடங்கு!

இந்த மாபெரும் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஹவாய், சமோவா, டோங்கா, துவாலு, குக் தீவுகள், டாஹிட்டி அடங்கிய பிரெஞ்சு பாலினேசியா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பிரெஞ்சு பாலினேசியாவை மட்டும் பாருங்கள். 118 தீவுகள், நிலப்பரப்போ சுமார் 4,000 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அத்தீவுகளுக்குரிய கடற்பரப்பு ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர்! நம் பாரத நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது அது. நிலத்தையே நாடு என்று எண்ணிப் பழகிய நமக்கு, கடலே நாடாக வாழும் மக்களைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினந்தான்.

நெருப்பும் பவளமும்

டாஹிட்டி, ஹவாய் போன்ற உயர்ந்த தீவுகள் எரிமலையின் குழந்தைகள். பூமியின் ஆழத்தில் ஒரே இடத்தில் நிலைத்து நின்று கொதிக்கும் வெப்பமையங்கள் சில உள்ளன. அவற்றின் மேலுள்ள கடலடித் தட்டோ மெல்ல மெல்ல வடமேற்கு நோக்கி நகர்கிறது. எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஒரு தாளை மெதுவாக நகர்த்தினால், வரிசையாகக் கரும்புள்ளிகள் விழும் அல்லவா? அதுபோலவே இங்கும் எரிமலைகள் வரிசையாகப் பிறக்கின்றன. ஹவாயிலுள்ள மௌனா கேயா மலை கடல்மட்டத்திலிருந்து 4,207 மீட்டர் உயரம். கடலடித் தரையிலிருந்து அளந்தாலோ 10,000 மீட்டரைத் தாண்டும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர்தான். வெப்ப மண்டலத்தில் இருந்தும் குளிர்காலத்தில் அதன் உச்சியில் பனி படிகிறது. இயற்கையின் விந்தையை என்னென்பது!

தாழ்ந்த தீவுகளின் கதை வேறு. அவை பவளப்பூச்சிகள் கட்டிய கோட்டைகள். 1835 நவம்பரில், 26 வயது இளைஞரான சார்லஸ் டார்வின் டாஹிட்டியின் மலைச்சரிவில் ஏறி நின்று எதிரிலிருந்த மோரேயா தீவைக் கண்டார். நடுவே மலை, சுற்றிலும் அமைதியான காயல், அதற்கப்பால் வெண்ணுரை தெறிக்கும் பவளத்திட்டு. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதைச் சுற்றிய பவளம் ஒளியை நாடி மேலே மேலே வளர்கிறது. முடிவில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. இதுவே அவர் கண்ட உண்மை. 1842-ல் அதை நூலாக வெளியிட்டார். நூறாண்டுக்கு மேல் சென்றபின், 1952-ல் மார்ஷல் தீவுகளில் ஒரு பவளத்தீவைத் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட பவளச் சுண்ணாம்பைக் கடந்து எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது மெய்யாயிற்று!

இத்தகைய பவளத்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது, செழிப்பான மண்ணும் கிடையாது. பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதுதான் கிணற்று நீர். அந்தப் படலத்தின் கீழே சற்று ஆழமாகத் தோண்டினாலும் உப்புக் கரிக்கும். படத்தில் நாம் பார்த்து மயங்கும் வெண்மணலின் உண்மை நிலை இது.

காற்றும் மழையும்

இத்தீவுகளில் பெரும்பாலானவை கடக, மகர ரேகைகளுக்கு இடையே உள்ளன. ஆனாலும் நம் ஊர்ச் சித்திரை வெயில் அங்கு இல்லை. சுற்றிலும் உள்ள கடலும், இடைவிடாது வீசும் வியாபாரக் காற்றும் வெப்பத்தைத் தணித்துவிடுகின்றன. டாஹிட்டியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 26, 27 டிகிரி செல்சியஸ். மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புழுக்கமும். மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த இனிய காலம்.

ஒரே தீவில் இரண்டு தட்பவெப்பம் உண்டு என்பது இன்னொரு வியப்பு. ஹவாயில் காவாய் என்னும் சிறு தீவின் நடுவிலுள்ள வையலேயலே மலையில் ஆண்டுக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. உலகிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதே தீவின் மேற்குக் கரையிலோ சுமார் 500 மில்லிமீட்டர்தான். காற்று மோதும் பக்கத்தில் அடைமழை, மறைந்த பக்கத்தில் வறட்சி. பூகோள வகுப்பில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்தோமே, அதேதான்.

இந்த இனிய காற்றுக்கும் கோபம் வரும். எல் நினோ என்னும் மாற்றம் நேரும் ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர்கிறது. மேற்கே தேங்கியிருக்கும் வெந்நீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. அதைத் தொடர்ந்து புயல்களும் நகர்கின்றன. 1982-83 பருவத்தில், பொதுவாகப் புயல் அரிதான பிரெஞ்சு பாலினேசியாவை, சில மாதங்களுக்குள் ஐந்துக்கும் மேற்பட்ட புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 2009 செப்டம்பரில் சமோவாவைச் சுனாமி தாக்கியது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் அருகே கடலடி எரிமலை வெடித்தபோது, சாம்பல் மழை பொழிந்தது. கடலடித் தொலைத்தொடர்புக் கம்பி அறுந்து, அம்மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட வெளிநாட்டிலுள்ள உறவினர் அறியமுடியாமல் தவித்தனர். நாட்காட்டிப் படத்தில் இவையெல்லாம் தெரிவதில்லை.

விண்மீனே வழிகாட்டி

இனி, பாட்டி தேடிய மனிதர்களைப் பார்ப்போம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே டோங்காவிலும் சமோவாவிலும் மக்கள் குடியேறிவிட்டனர். பின்னர் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் டாஹிட்டி, ஹவாய், ஈஸ்டர் தீவு என்று கடலெங்கும் பரவினர். கடைசியாக, 1300-ஆம் ஆண்டை ஒட்டி நியூசிலாந்தை அடைந்தனர். திசைகாட்டும் கருவி இல்லை. இரும்பு ஆணி இல்லை. இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய இரட்டைப் படகில், கோழி, பன்றி, சேப்பங்கிழங்கு, தென்னங்கன்று ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு புறப்பட்டனர்.

எப்படி வழி கண்டார்கள்? எந்த விண்மீன் எங்கே உதிக்கும், எங்கே மறையும் என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தனர். படகின் அடியில் வந்து மோதும் அலையின் அசைவைக்கொண்டே திசையை உணர்ந்தனர். மாலையில் கரை திரும்பும் பறவைகளைப் பார்த்து நிலம் இருக்கும் பக்கத்தை அறிந்தனர். தொலைவில் நிற்கும் மேகத்தின் அடிவயிறு இளம்பச்சையாகத் தோன்றினால், அதன் கீழே காயல் இருக்கிறது என்று பொருள். இத்தனையும் ஏட்டில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே வந்த கல்வி!

ஆனால் வெளியுலகத்தினர் இதை நெடுங்காலம் நம்பவில்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்துச் சென்று தற்செயலாகக் கரை சேர்த்திருக்கும் என்றே அறிஞர் சிலர் எழுதினர். நார்வே நாட்டவரான தோர் ஹேயர்டால், 1947-ல் பெரு நாட்டிலிருந்து 'கோன்-டிக்கி' என்னும் கட்டுமரத்தில் 101 நாள் மிதந்து வந்து, இம்மக்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று நிறுவ முயன்றார். இதற்கெல்லாம் பதில் 1976-ல் கிடைத்தது. பழைய வடிவில் கட்டிய 'ஹோகுலேயா' என்னும் இரட்டைப் படகு, மே முதல் நாள் ஹவாயிலிருந்து புறப்பட்டு, எவ்விதக் கருவியும் இன்றி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 4 அன்று டாஹிட்டியின் தலைநகரான பப்பீட்டேயை அடைந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். பழைய கல்வி அழியாமல் காத்துவைத்திருந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். அன்று கரையில் திரண்டவர்கள் 15,000 பேருக்கும் மேல்! தங்கள் முன்னோர் திக்குத் தெரியாமல் ஒதுங்கியவர்கள் அல்லர், தெரிந்தே வந்தவர்கள் என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

பத்து நாள் விருந்தாளி வைத்த பெயர்

'சொர்க்கம்' என்ற பெயரை யார் வைத்தார்கள் தெரியுமா? 1768 ஏப்ரலில் டாஹிட்டிக்கு வந்த பிரெஞ்சு மாலுமி பூகேன்வில், அத்தீவுக்குக் கிரேக்கப் புராணத்திலுள்ள இன்பத்தீவின் பெயரைச் சூட்டினார். 1771-ல் அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுவதையும் மயக்கியது. ஆனால் அவர் அங்கே தங்கியது சுமார் பத்தே நாட்கள்! பத்து நாள் விருந்துக்கு வந்தவருக்கு வீட்டின் கஷ்டம் எப்படித் தெரியும்? முந்தின ஆண்டு, 1767-ல், ஆங்கிலேயரான வாலிஸின் கப்பல் தீவு மக்கள்மேல் பீரங்கி சுட்டுப் பலரைக் கொன்றிருந்தது. பூகேன்வில் கண்ட இன்முகத்தில் அந்த அச்சமும் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அவரோடு பாரிசுக்குச் சென்ற ஆஹுட்டோரு என்னும் இளைஞர், ஊர் திரும்பும் வழியில் 1771-ல் பெரியம்மையால் மாண்டார். சொர்க்கத்திலிருந்து சென்றவர் வீடு வந்து சேரவில்லை.

பின்னர் வந்தவர்களும் அழகைக் கண்டார்கள், மக்களைக் காணவில்லை. நாம் சீமைப்பலா என்றும், இலங்கைத் தமிழர் ஈரப்பலா என்றும் சொல்லும் மரம் அத்தீவுகளின் சோறு. அதன் கன்றுகளை ஏற்றிச் செல்லத்தான் 1788-ல் 'பவுண்டி' என்ற கப்பல் டாஹிட்டிக்கு வந்தது. எதற்காக? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு மலிவான உணவு தேவைப்பட்டது! கப்பல்களோடு நோய்களும் வந்தன. ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் வாழ்ந்த மார்க்கேசாஸ் தீவுகளில், 1920-களில் மிஞ்சியவர்கள் சுமார் 2,000 பேர். 1918 நவம்பரில் 'தலூன்' என்ற கப்பல் மேற்குச் சமோவாவுக்கு விஷக்காய்ச்சலைக் கொண்டுவந்தது. ஆட்சியாளர் கப்பலைத் தடுக்கவில்லை. சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், மாண்டனர். அடுத்திருந்த அமெரிக்கச் சமோவாவிலோ கப்பல்களைத் தடுத்து நிறுத்தியதால் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆக, அது விதியன்று, கவனக்குறைவு.

சொர்க்கத்தில் ஒரு சிறை

நம் பள்ளிச் சிற்றாலயத்தில் வேண்டுதல் செய்யும்போது புனித தமியானை நினைப்பவர்கள் பலர். அவர் பணிபுரிந்த கலாவுபாபாவும் பாலினேசியாவில்தான் உள்ளது என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்போம்? ஹவாயின் மொலோக்காய்த் தீவில், மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் பல நூறு மீட்டர் உயர்ந்த செங்குத்துப் பாறையும் சூழ்ந்த நிலமுனை அது. படம் பிடித்தால் எந்த நாட்காட்டியையும் அலங்கரிக்கும். அந்த எழிலிடத்துக்குத்தான் 1866 முதல் தொழுநோயாளிகளைப் பெற்றோரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தச் சட்டம் 1969 வரை நீடித்தது. அங்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் ஹவாயின் பூர்வீக மக்கள்.

பெல்ஜியம் நாட்டுக் குருவான தமியான் 1873 மே மாதம் அங்கே சென்றார். வீடு கட்டினார், காயம் கழுவினார், சவப்பெட்டி செய்தார், கல்லறை தோண்டினார். அந்நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரல் 15 அன்று, தம் 49-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கு வந்து சேர்ந்தவர் அன்னை மரியான் கோப். ஹவாய் நாட்டின் சார்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகளிடம் உதவி கேட்டபோது, இசைந்தது அவருடைய சபை மட்டுமே. பெற்றோரைப் பிரிந்து வந்த சிறுமிகளுக்கு அவர் தாயானார். 1918-ல் தாம் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தமியான் 2009-லும் மரியான் 2012-லும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

'புதையல் தீவு' கதையைப் படிக்காதவர் நம்மில் உண்டா? அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1889 மே மாதம், தமியான் இறந்த மறு மாதமே, கலாவுபாபாவுக்கு வந்தார். அந்தச் சிறுமிகளோடு விளையாடினார். பிறகு அவர்களுக்காக ஒரு பியானோ வாங்கி அனுப்பினார். கற்பனைத் தீவைப் படைத்தவர் உண்மையான தீவில் கண்டது புதையலை அன்று, நம் வயதுப் பெண்பிள்ளைகளை. அந்தப் பியானோவை நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்குகிறது. அழகான இடத்துக்கு ஓர் ஆறுதலை அவர் அனுப்பினார் என்றால், அழகு மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்பதுதானே பொருள்?

ஆளில்லை என்று எண்ணியதன் விளைவு

'படத்தில் ஆள் இல்லையே' என்றார் பாட்டி. படத்தில் மட்டுமா? பெரிய நாடுகளின் மனத்திலும் அங்கே ஆள் இல்லை! அல்ஜீரியப் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்திவந்த பிரான்ஸ், அந்நாடு விடுதலை பெற்றபின் வேறு இடம் தேடியது. டுவாமோட்டுத் தீவுக்கூட்டத்தின் மொருரோவா, ஃபங்காடௌஃபா என்னும் இரு பவளத்தீவுகளைத் தேர்ந்தெடுத்தது. 1966 முதல் 1996 வரை அங்கே நடத்திய சோதனைகள் 193. 1974 வரை அவை வானவெளியிலேயே நடந்தன.

1966 ஜூலையில் நடந்த முதல் சோதனையின் நச்சுத்தூசு மங்கரேவா தீவில் விழுந்தது. அங்கே பவளக்கல்லால் எழுப்பி, முத்துச்சிப்பி பதித்த பீடத்தோடு விளங்கும் புனித மிக்கேல் பேராலயம் இருக்கிறது. நம்மைப்போலவே ஞாயிறு தோறும் திருப்பலி காணும் மக்கள் இருக்கிறார்கள். 1974 ஜூலையில் வெடித்த குண்டின் தூசு டாஹிட்டிக்கே வந்தது. ஆம், நம் நாட்காட்டியில் உள்ள அதே டாஹிட்டிக்கு! 2010-ல்தான் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் வந்தது. 2021 ஜூலையில் பிரான்சின் அதிபர் மக்ரோன் பப்பீட்டேயில் பேசும்போது, தம் நாடு அம்மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தம் தலைநகருக்கு அருகே எந்த நாடாவது குண்டு வெடித்துப் பார்க்குமா? ஓர் இடத்தை வெறும் காட்சியாக எண்ணிப் பழகிவிட்டால், அங்கே என்ன செய்தாலும் மனம் உறுத்துவதில்லை.

இன்று வேறோர் ஆபத்து. துவாலு நாட்டின் மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11,000 பேர். மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரை எட்டாது. ஃபுனாஃபுட்டி தீவில் சில இடங்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே ஒரு சாலை. அவ்வளவுதான் நிலம்! உலகம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமி சூடேறிக் கடல் உயர்கிறது. சேம்பு இனத்தைச் சேர்ந்த புலக்கா என்னும் கிழங்கைப் பயிரிடும் குழிகளில் உப்புநீர் புகுகிறது. 2021 நவம்பரில் அந்நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே, முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி உலக மாநாட்டுக்குத் தம் உரையை அனுப்பினார். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வகைசெய்யும் உடன்படிக்கை 2023-ல் கையெழுத்தாகி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. இது பெரிய உதவிதான். ஆனால் ஆயிரம் ஆண்டு கடலை வென்று கண்டுபிடித்த மண்ணைவிட்டுப் போவது எளிதா?

என் கருத்து

அழகை ரசிப்பது தவறா என்று தோழியர் சிலர் கேட்கலாம். நிச்சயமாகத் தவறன்று. இறைவன் படைத்த எழிலைக் கண்டு வியப்பதும் ஒரு வழிபாடே. நானும் இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்து மயங்கத்தான் செய்கிறேன். பயணிகள் வருவதால்தானே அம்மக்களுக்குப் பிழைப்பு என்றும் சிலர் சொல்லலாம். அதுவும் உண்மையே. பயணிகள் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 'சொர்க்கம்' என்ற சொல் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் மோட்சத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். அங்கே பசி இல்லை, நோய் இல்லை, உழைப்பு இல்லை, கண்ணீர் இல்லை. அப்படியானால், ஓர் ஊரை மோட்சம் என்று சொல்வது, அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து 'உங்களுக்குப் பசியும் இல்லை, கண்ணீரும் இல்லை' என்று சொல்வதாகும். பசி இல்லாதவனுக்கு யார் சோறு போடுவார்கள்? கண்ணீர் இல்லாதவனை யார் தேற்றுவார்கள்? புகழ்ச்சி போலத் தோன்றும் ஒரு சொல், உதவிக்கு நீளும் கையை மடக்கிவிடுகிறது. தமியானும் மரியானும் அத்தீவைச் சொர்க்கம் என்று எண்ணி அங்கே போகவில்லை. அங்கே மனிதர் இருக்கிறார்கள் என்று எண்ணித்தான் போனார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் தண்ணீருக்குள் நிற்கும் அந்த ஓலைக் குடிசைகள் தீவு மக்களின் வீடுகள் அல்ல. விடுதி நடத்திய மூன்று அமெரிக்கர்கள், 1967-ல் ரையாத்தேயா தீவில், பயணிகள் தங்குவதற்காகக் கட்டத் தொடங்கியவை அவை! "ஆளே இல்லாத ஊருக்குக் குடிசை எதுக்கு?" என்று கேட்ட பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அப்பவே நினைச்சேன்" என்றார். பிறகு, "அந்த ஊருச் சனங்க வீடு எங்கே இருக்கும்?" என்று கேட்டார். மலையடிவாரத்தில், கரையோரச் சாலையில், கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் என்று சொன்னேன். "அப்ப நம்ம ஊரு மாதிரிதான்" என்றார் பாட்டி.

ஆம், தோழியரே! இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரையில் பச்சையைப் பார்க்கும் கண், அங்கே நிற்கும் மனிதரையும் பார்க்கட்டும். அடுத்த முறை பூகோளத் தேர்வுக்கு உலகப் படம் வரையும்போது, பசிபிக் கடலில் பேனா முனையால் அந்தச் சிறு புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நம்மைப்போல் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, தலைவாரிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகிறாள் என்பதை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.